இறக்கினால் ஏறுகிறது

சவுண்டுக்காரர் குமிழை இறக்கினார், ஒலி ஏறியது.

மேடையோரத்து மேசையில், மிக்ஸருக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தின் மறுகோடியில் கேமராக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியளவைக் காட்டும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே வயர் கிடையாது. மிக்ஸரில் செருகிய டிரான்ஸ்மிட்டர் ஒலியை அனுப்பும். கேமராவின் தலையில் அமர்ந்திருக்கும் அதன் ஜோடி ரிசீவர் அதை வாங்கிக்கொள்ளும். விழா தொடங்குமுன், 'ஙொய்' என்று ஒரே சீராக ஒலிக்கும் சோதனை ஓசையைக் கேமராவுக்கு மட்டும் அனுப்பி, அந்தப் பட்டையைப் பச்சையில், மைனஸ் இருபதில் நிறுத்த வேண்டும். பழகியவர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

பட்டையோ சிவப்பில் நின்று முறைத்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் இறக்குங்க!"

"இறக்கிட்டேன்யா!"

"இறக்கினீங்களா? இங்க ஏறிடுச்சே!"

மருத்துவர் சங்கத்தின் செயலாளர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். ஓய்வுபெறும் பெரிய டாக்டரம்மாவின் கடைசி வகுப்பு அன்று. பல ஊர்களில் இருந்த மாணவர்கள் நேரலையில் கேட்கக் காத்திருந்தார்கள்.

"போன மாசம் மாதிரி கரகரன்னு வந்துடாதே?"

"வராதும்மா."

"வந்தா, பக்கத்து ஹால்ல ஒருத்தர் இருக்காரே, அவரைக் கூப்பிட்டுக்குவேன். இன்னிக்கு மட்டும் இல்ல, வருஷம் பூராவும்."

இந்தச் சங்கத்தின் வேலைதான் சவுண்டுக்காரர் வீட்டு அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை, பக்கத்து ஹால்காரன் வேறு யாருமல்லன்; அவர் மனைவியின் உடன்பிறந்த தம்பி.

சென்ற மாதம்வரை மாமனும் மைத்துனனும் ஒரே தொழிலில் இருந்தார்கள். மிக்ஸரில் இவர், கேமராவில் அவன். அந்தக் கரகரப்புக்குக் காரணம் "நீ ஏத்தினது" என்றார் இவர்; "நீங்க இறக்கினது" என்றான் அவன். குறை தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட மனிதர் எந்த மிக்ஸருக்கு முன்னாலும் இதுவரை உட்கார்ந்ததில்லை. தொழில் இரண்டாக உடைந்தது.

பாகம் பிரிக்கும் பொறுப்பை மனைவியிடம் விட்டார்கள். இருவரும் நம்பிய நடுவர் அவள் ஒருத்திதான். அவள் எல்லாவற்றையும் துடைத்து, அழுக்கேறிய பழைய டேப்புகளை உரித்தெறிந்து, கணவனின் பங்குக்குச் சிவப்பும் தம்பியின் பங்குக்கு நீலமுமாகப் புதிய டேப் ஒட்டிக் கொடுத்தாள். ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர், ஆளுக்கொரு ஜோடி. பிரிந்தபின் இருவருக்கும் இதுதான் முதல் வேலை.

சவுண்டுக்காரர் டிரான்ஸ்மிட்டரின் திருகையும் குறைத்தார்.

"ஐயோ! உச்சிக்கே போயிடுச்சு அண்ணே!"

மிக்ஸரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் வயரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை அடியோடு பிடுங்கினார். "இப்ப?"

"இன்னும் அதிகமாக் கத்துது."

"வயரையே பிடுங்கிட்டேன்யா! ஹெட்போனைக் கழட்டிட்டுக் கேளு."

கேமராக்காரர் கழற்றினார். "கழட்டினா கேக்கலை."

"அப்படிச் சொல்லு! உன் ஹெட்போன்லதான் கோளாறு."

நிதானமுள்ள எவரும் இந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசித்திருப்பார். ஆனால் பயம் ஒரு வாசலில் நுழைந்தால் நிதானம் மறுவாசலால் வெளியேறிவிடும். நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, மனைவி.

"என்னங்க, எல்லாம் சரியா வருதா?"

"வருது வருது. வை போனை."

"உங்க குரலே சரியில்லையே. தம்பி பக்கத்து ஹால்லதான இருக்கான்? ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவன்கிட்டயா? இந்த மிக்ஸரைத் தலையில சுமந்துக்கிட்டு ஊரை விட்டு ஓடினாலும் ஓடுவேனே தவிர, அவன்கிட்டக் கேக்க மாட்டேன்!"

"சரி, உங்க இஷ்டம்" என்றாள் அவள், வழக்கத்துக்கு மாறாக உடனே.

வயரைத் திரும்பச் செருகினார். அவசரத்தில் விரல் பட்டுக் குமிழ் தவறுதலாக மேலே ஏறியது.

"அண்ணே! இறங்குது!"

"நான் ஏத்தினேன்யா."

"அப்ப ஏத்துங்க! இது தலைகீழாப் பொறந்த மெஷின் போல. நாமளும் தலைகீழாவே வேலை பாப்போம்."

சவுண்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். பட்டை இறங்கியது. சற்றே குறைத்தார், சற்றே உயர்ந்தது. மைனஸ் இருபதில் வந்து, ஆணி அடித்தாற்போல் நின்றது. கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். சவுண்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சோதனை ஓசையை நிறுத்தினார். சொல்லிவைத்தாற்போல் கேமராவிலும் ஓசை நின்றது.

"டாக்டரம்மா, சும்மா ரெண்டு வார்த்தை பேசிக் காட்டுங்க."

டாக்டரம்மா மைக்கின் முன் வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கல்லீரலை அறுக்குமுன் கையை நடுங்கவிடாதீர்கள்" என்று கம்பீரமாகத் தொடங்கினார்.

கேமராக்காரரின் முகம் வெளிறியது. ஓட்டமாக வந்து, சவுண்டுக்காரரைக் கேமராவுக்கு இழுத்துப்போய், ஹெட்போனை அவர் காதில் வைத்து, கேமராவின் சிறு திரையைக் காட்டினார். திரையில் டாக்டரம்மாவின் உதடுகள் அசைந்தன. காதில் கேட்டதோ கட்டையான ஆண்குரல்.

"ரெண்டே கோட்டிங் போதும்! பத்து வருஷத்துக்கு வெடிப்பு விழாது, பாசி பிடிக்காது!"

"யாருய்யா இது?"

"பக்கத்து ஹால்ல பெயிண்ட் கம்பெனி மீட்டிங் அண்ணே."

சவுண்டுக்காரர் கேமராவிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு நடைவழிக்குப் பாய்ந்தார். எதிரே, நீல டேப் ஒட்டிய ரிசீவரோடு மைத்துனன் பாய்ந்து வந்தான். இருவரும் மோதாமல் நின்றது அதிசயம்.

"மாமா, உங்க டாக்டரம்மா எங்க கேமராவுக்குள்ள நின்னு கல்லீரலை அறுக்கறாங்க!"

"உங்க மேனேஜர் மட்டும் என்னவாம்? எங்க டாக்டரம்மா வாயால சுவருக்குப் பெயிண்ட் அடிக்கறார்!"

"காலையிலேருந்து நான் ஏத்த ஏத்த இறங்குது. பேயோன்னு நினைச்சேன்."

"நீ ஏத்தினதாலதான்டா எனக்குச் சிவப்புல நின்னுச்சு!"

"நீங்க இறக்கினதாலதான் மாமா நான் ஏத்தினேன்!"

இதே வசனத்தைச் சென்ற மாதமும் பேசியிருந்தது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. மைத்துனன்தான் முதலில் சிரித்தான். மாமன் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார்; வயிறு கேட்கவில்லை.

ரிசீவர்கள் கைமாறின. மைத்துனன் தன் ஹாலுக்குப் போகாமல் நேரே மாமனின் கேமராவுக்கு ஓடினான். "ஓசையை விடுங்க மாமா! இறக்குங்க. இன்னும். நிறுத்துங்க! மைனஸ் இருபது!" என்று கத்திவிட்டு, வந்த வேகத்திலேயே தன் ஹாலுக்குப் பறந்தான்.

டாக்டரம்மாவின் வகுப்பு, அவருடைய குரலிலேயே, மாணவர்களைச் சென்றடைந்தது. செயலாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். முடிந்ததும் சவுண்டுக்காரரிடம் வந்து, "அடுத்த மாசமும் நீங்களே வந்துடுங்க" என்றார்.

உயிர் திரும்பியதும் கோபமும் திரும்பியது. சவுண்டுக்காரர் மனைவிக்குப் போன் செய்தார்.

"உனக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? ரெண்டு ஜோடியையும் மாத்தி டேப் ஒட்டியிருக்கே! நான் அனுப்பினது அவனுக்குப் போகுது, அவன் அனுப்பினது எனக்கு வருது! உன் தம்பி மட்டும் பக்கத்துல இல்லேன்னா என் பிழைப்பே போயிருக்கும். இவ்வளவு பெரிய தப்பு பண்ணியிருக்கியே!"

"தப்பா? நீங்க பேசறது அவனுக்குக் கேக்கணும், அவன் பேசறது உங்களுக்குக் கேக்கணும்னு, ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒட்டினதுங்க அது!"