ஃபேன் போடாத குடித்தனக்காரன்

சும்மா கிடைப்பதை அனுபவிக்கவும் ஒரு தைரியம் வேண்டும். ஆண்டவர் எனக்கு எத்தனையோ கொடுத்தார், அந்தத் தைரியத்தை மட்டும் கொடுக்கவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆட்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் உண்டு. நாங்கள் வெளியேதான் வீடு தேட வேண்டும். காண்ட்ராக்ட் என்றதுமே பல வீடுகளில் கேட்டைச் சாத்தினார்கள். கடைசியில் வடலூர் ரோட்டில் கலியபெருமாள் அண்ணன்தான் தன் மாடியைக் கொடுத்தார். சுரங்கத்தில் மிஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

"கரண்டு, தண்ணி எல்லாம் வாடகையிலயே சேந்துக்கும். தனியா ஒண்ணும் தர வாணாம். பாத்துப் பொழங்கிக்குங்க தம்பி."

கடைசி வார்த்தையை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு அது பைபிளின் பத்துக் கட்டளைகளுக்கு மேல் பதினோராவது கட்டளையாகிவிட்டது. ஒரு பல்பைப் போட்டாலும் அவர் சட்டைப்பையில் கைவிடுகிற மாதிரி உறுத்தல். அதிகம் எரித்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்ற பயம் வேறு. எனவே சித்திரை வெயிலில் வீட்டில் சட்டம் போட்டேன். ஃபேன் கிடையாது. லைட், ஜெபமாலை சொல்லும்போது மட்டும். செல்போனுக்குச் சார்ஜ் வேலை இடத்தில். (நாட்டுக்குக் கரண்டு கொடுக்க நிலக்கரி தோண்டுகிறவன், காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.)

"ஏங்க, எங்கள இப்பவே நரகத்துக்குப் பழக்குறீங்களா?" என்றாள் என் மனைவி பிலோமினா. பள்ளி லீவு விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "ஃபேன் சுத்துனா சொல்லி அனுப்புங்க, வர்றோம்."

எனக்கு அப்போது நைட் ஷிஃப்ட். கீழே அண்ணன் வீட்டில் படுத்த பிறகு கிளம்பி, அவர்கள் எழுவதற்குள் திரும்பிவிடுவேன். காலையில் வந்ததும் வெள்ளை வேட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு, சிமென்ட் தரையில் நீட்டிப் படுத்துவிடுவேன். சொர்க்கம்! வேலை இடத்தில் சார்ஜ் போட மறந்து, போனும் உயிரை விட்டிருந்தது.

மாடியில் வெளிச்சமில்லை, மோட்டார் சத்தமில்லை, மூட்டையோடு மனைவி போனதைப் பார்த்தாயிற்று, போன் போட்டாலும் எடுக்கவில்லை. சொல்லாமல் காலி பண்ணிவிட்டேன் என்று அண்ணன் முடிவு கட்டினார். ஒருநாள் மத்தியானம், வீடு பார்க்க வந்த ஒரு தம்பதியை மாடிக்கு அழைத்து வந்து தட்டியிருக்கிறார். நான் அசையவில்லை. மாற்றுச் சாவியால் திறந்துவிட்டார்.

அவர் மனைவி கோமதி அக்காவின் அலறலில்தான் விழித்தேன்.

"ஐயய்யோ, அந்தோணி பூட்டாருங்க! துணி வேற மூடி வச்சிகீறாங்க!"

"கிட்ட போவாதடி! போலீசு வரட்டும்!"

"நான் சாகவில்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஈர வேட்டி வாயில் ஒட்டி, "ம்ம்ம்" என்றுதான் வந்தது. வேட்டியோடு எழுந்து உட்கார்ந்தேன். வீடு பார்க்க வந்த அம்மா செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். அவருக்கு முன்னால் அவர் கணவர்.

வேட்டியை விலக்கினபோது தெருவே வாசலில் நின்றது. அதற்குள் யாரோ பிலோமினாவுக்கு நான் செத்துவிட்டதாகத் தகவல் சொல்லிவிட்டார்கள். அண்ணன் போனை வாங்கிக் கூப்பிட்டேன்.

"யாரு பேசறது?"

"நான்தான்டி, அந்தோணி."

இன்னும் பலமாக அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் மெதுவாகக் கிட்டே வந்தார். "ஏன்யா இப்படிப் படுத்துகினு இருந்த? ஃபேன் ரிப்பேரா?"

"இல்லண்ணே. உங்க கரண்டு. நெறைய எரிச்சா, வூட்டக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு..."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கேட்டருகே நடுங்கிக்கொண்டிருந்த தம்பதியிடம், "வூடு காலி இல்லீங்க. ஆளு இருக்காரு. உசுரோடதான் இருக்காரு!" என்று மாடியிலிருந்தே கத்தினார். திரும்பி வந்து வீட்டிலிருந்த சுவிட்சையெல்லாம் தன் கையாலேயே போட்டார், பாத்ரூம் லைட் உட்பட.

"நாங்க இன்னா ராட்சசங்களா தம்பி?" என்று திட்டிக்கொண்டே கோமதி அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வேன் பிடித்து உறவெல்லாம் வந்திறங்கியது. பிலோமினா முதலில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. "இதுக்கு நீங்க சாக வேண்டியிருந்துச்சா?" போனில் பேசியது நான்தான் என்று நம்பாத மாமியார் மாலையே வாங்கி வந்திருந்தார். வீணாக்க மனமில்லாமல் மாதா படத்துக்குப் போட்டோம்.

இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம். கல்லறையிலிருந்து இயேசு எழுப்பிய லாசரின் கதையை அன்றைக்கே கோமதி அக்காவிடம் பிலோமினா சொல்லி வைத்தாள். அதோடு போயிற்று என் ஞானஸ்நானப் பெயர். அந்தோணி வீடு எது என்று பார்சல்காரர் கேட்டால், அப்படி யாரும் இல்லை என்று தெருவே திருப்பி அனுப்புகிறது. "லாசர் வூடு" என்று கேட்க வேண்டும். உடனே மாடியைக் காட்டுவார்கள், கதையையும் சொல்லி அனுப்புவார்கள்.