மாப்பிள்ளை பன்றியைத் தின்றதற்கு யார் பொறுப்பு

என் மகள் மெலெனைத்தேயின் கல்யாணப் பாயில் நடுவே அமர வேண்டிய அத்தையும், எனக்கு என்றும் பெரியவருமான லூசியானே அக்கா அவர்களுக்கு, தம்பி லொபேதி நுக்குஅலோஃபாவிலிருந்து பணிவோடு எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளை மட்டும் படுத்திருக்கிறான்.

உங்கள் பங்குப் பன்றி கப்பலில் வரவில்லை என்பதால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினீர்களாம். அத்தை இல்லாமல் கல்யாணமா அக்கா? நடந்ததைக் கேளுங்கள். நியூசிலாந்திலிருந்து மாப்பிள்ளை ராவிரியும் அவன் அம்மா ஹூரியாவும் வந்ததற்கு விருந்து வைத்தேன். அவர்களுடைய மாவோரிப் பேச்சும் நம் தொங்காத் தீவுப் பேச்சும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, சாப்பிடுவதற்கு இரண்டிலும் 'கை'தானே என்ற தைரியத்தில், அவர்கள் மொழியிலேயே வரவேற்றுப் பேச எழுந்தேன். போன தடவை வந்தபோது ராவிரி கிழங்கு சாப்பிட்டான், மீன் சாப்பிட்டான், பன்றி சாப்பிட்டான் என்று பெருமையாகச் சொல்ல நினைத்தேன். செய்தவன் பெயருக்கு முன்னால் நாம் 'எ' போடுவோம் இல்லையா, அதே பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 'கை எ ராவிரி' என்றேன். நான் கிழங்கு என்றதும் பையன் கிழங்கை எடுத்துத் தின்கிறான், மீன் என்றதும் மீனைத் தின்கிறான், சபை சிரிக்கிறது, எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை, பன்றிக்கு வந்தேன், பந்தியில் பன்றி தீர்ந்து உங்களுக்கென்று வாழையிலையில் சுற்றி வைத்தது மட்டும்தான் மிச்சம், அவன் தயங்கி என்னைப் பார்த்தான், கேட்கவில்லை போலும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன், இலையைப் பிரித்துவிட்டான்.

பிறகு ஹூரியா வந்தாள். "என்ன சம்பந்தி, எம்புள்ள வயிறு வெடிக்கணும்னு வேண்டுதலா?"

"சாப்பிட்டான்னுதானம்மா சொன்னேன்."

"எங்க பேச்சுல பேருக்கு முன்னாடி 'எ' வந்தா ஆளக் கூப்புடறது. 'ஏ ராவிரி, தின்னு'ன்னு ஊருக்கு முன்னாடி அதட்டுனா பாவம் அவன் என்ன பண்ணுவான்?"

இன்னார் தின்றார் என்று நேராகச் சொல்லும்போது, தின்றவரைக் காட்ட அவர்களிடம் தனிச்சொல் கிடையாதாம். தின்னப்படும் பொருளுக்கு முன்னால்தான் ஒரு 'இ' வைப்பார்களாம். நாம் தின்றவனைக் காட்டிக்கொடுக்கிறோம், அவர்கள் பன்றியைக் காட்டிக்கொடுக்கிறார்கள். கூடப்பிறந்த மொழிகள் தனிக்குடித்தனம் போனால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

ஆகவே ராவிரி பேராசைக்காரன் இல்லை அக்கா, பெரியவர்கள் சொன்னதைத் தட்டாத பிள்ளை. கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து குழந்தைகளை வாழ்த்துங்கள். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கிழங்கும் மீனும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி லொபேதி

பின்குறிப்பு: இதை மெலெனைத்தே மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினாள். அவன் படுத்தபடியே, சுத்தமான தொங்காப் பேச்சில், 'எ' எல்லாம் பிசகாமல், "தின்னுன்னு இல்ல, தின்னான்னுதான் மாமா சொன்னாருன்னு அப்பவே புரிஞ்சுது. பன்றி மொறுமொறுன்னு இருந்துச்சு, அதான்" என்கிறான். இரண்டு வருஷமாக இவளிடம் நம் மொழி கற்கிறானாம். அடுத்த கப்பலில் வேறு பன்றியோடு நானே வருகிறேன். அவனை அழைத்து வர மாட்டேன்.