எண் வராமல் கொத்தாதே

ஒரு காட்டில் கொண்டையப்பன் என்றொரு மரங்கொத்தி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தது. சம்பளம் கிடையாது, குடியிருக்க மருதமரத்தில் ஒரு பொந்து கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் அது ஓடையின் மேல் கிடக்கும் மரப்பாலத்தைத் தட்டிப் பார்க்கும். எங்கே சத்தம் பொக்கென்று கேட்கிறதோ அங்கே புழு இருக்கும். புழுவைத் தின்றுவிட்டு, ஓட்டையைப் பிசினால் அடைத்துவிட்டுப் போய்விடும். பாலமும் நின்றது, வயிறும் நிறைந்தது. பாலத்தை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்பதே காட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில், பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போன சிங்கராஜா ஒரு மென்பொருளோடு திரும்பி வந்தது. இனி பழுதைக் கண்டவர்கள் போனில் புகார் பதிய வேண்டும். புகார் ஒர்க் ஆர்டராக மாறி, ஓர் எண்ணோடு வேலைக்காரருக்குப் போகும். வேலை ஆனதும் அவர் 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். எண் இல்லாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியல் மாதக் கடைசியில் ஆலமரத்தில் தொங்கும்.

முதல் பட்டியலில் ஓணான் இருநூற்றுப் பதினான்கு. அதற்குப் பார்வையிடும் வேலை. எதைப் பார்த்தாலும் தலையாட்டும், ஒரு தலையாட்டலுக்கு ஓர் எண். கொண்டையப்பன் பூஜ்யம்.

மேற்பார்வையாளர் வேதாசலம் என்ற கீரி அதைக் கூப்பிட்டு அனுப்பியது. கொண்டையப்பன் தான் தினமும் செய்வதையெல்லாம் சொன்னது. ஒன்பது வருஷமாகப் பாலம் ஒரு நாள்கூட உடைந்ததில்லை என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னது.

"அதைத்தான்யா நானும் கேக்குறேன்," என்றது கீரி. "ஒன்பது வருஷமா உடையாத பாலத்துக்கு ஆள் எதுக்கு?"

அடுத்த பட்டியலிலும் பூஜ்யம் என்றால் பொந்து ஓணானுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. பொந்தில் கொண்டையப்பனின் மனைவி சிலம்பாயி மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

கொண்டையப்பன் தானே புகார் பதியப் பார்த்தது. பழுதுபார்ப்பவரே புகார்தாரராக இருக்க முடியாது என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் மறுத்தது. பாலத்தில் வந்த எருமையிடம், உள்ளே புழு அரிக்கிறது, ஒரே ஒரு புகார் கொடுங்கள் என்று கெஞ்சியது. எருமை பாலத்தை மேலும் கீழும் பார்த்தது.

"நல்லாத்தானே நிக்குது தம்பி. நான் எதுக்குப் பொய்ப் புகார் குடுக்கணும்?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிலம்பாயி முட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னது.

"அவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடியே நீங்க சரிபண்ணிடறீங்க. அதாங்க தப்பு. அவங்களும் பாக்கட்டும், கொஞ்சம் பொறுங்க."

கொண்டையப்பன் பொறுத்தது. எறும்பைத் தின்று பசியாறியது. காலையில் நாவல் கிளையில் உட்கார்ந்து பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அலகு நமநமவென்று ஊறும். கிளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாலத்துக்குள் புழுக்கள் நிம்மதியாகக் கொழுத்தன.

இருபதாம் நாள், மென்பொருள் வந்த பிறகு காடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பேச அக்கரையில் ஒரு கூட்டம். சிங்கராஜா முன்னால் நடக்க, மொத்தக் காடும் பின்னால் நடந்தது. நடுப்பாலத்தில் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். பாலம் மெதுவாக உட்கார்ந்தது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர்தான், யாருக்கும் அடியில்லை. ஆனால் எல்லோரும் நனைந்தார்கள், ராஜா உள்பட.

கரையேறியதும் அவரவர் போனை உதறி எடுத்தார்கள். நாவல் கிளையில் கொண்டையப்பனின் போன் நிற்காமல் அடித்தது. அறுபத்திரண்டு ஒர்க் ஆர்டர். மயில் தோகை ஈரம் என்று எழுதியிருந்தது. காட்டுப்பன்றி விழுந்த இடத்தில் சேறு போதவில்லை என்றது. ராஜாவின் புகார் பிடரியைப் பற்றியது. எருமை மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஏற்பாட்டை இப்படியே வைத்திருக்கும்படி கேட்டிருந்தது.

யானை ஒரு புது மரத்தைத் தூக்கி வந்து போட்டது. யானையின் காலுக்குத் தாங்கும் போன் இன்னும் வரவில்லையாதலால் அந்த வேலை யார் கணக்கிலும் ஏறவில்லை. கொண்டையப்பன் இரு கரையிலும் துளை போட்டு முளை அடித்தது. பிறகு ராஜாவின் தலையில் உட்கார்ந்து பிடரி காயும்வரை சிறகடித்தது. சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டும் 'முடிந்தது'.

அந்த மாதம் ஓணான் தலையாட்டிப் பார்த்துக் கழுத்து வலி கண்டு நாற்பதோடு நின்றிருந்தது. சிறந்த பணியாளர் கொண்டையப்பன்தான். மாலை அதைவிடப் பெரிதாக இருந்ததால் மருதமரத்துக்குப் போட்டார்கள். ஒரே மாதத்தில் என்ன வளர்ச்சி என்று கீரி கண்கலங்கியது.

மறுநாள் பொந்துக்குள் 'டிக்' என்று சத்தம். ஒரு முட்டையில் விரிசல். கொண்டையப்பன் ஓடிப்போய் அலகை ஓங்கியது, ஓங்கியபடியே நின்றது.

"சிலம்பாயி, நீ புகார் குடு."

"குடுத்துட்டேங்க. எண் வந்துச்சா?"

வந்தது. முட்டை ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுத்துவிட்டு 'முடிந்தது' என்று அழுத்தியது. இன்னும் இரண்டு முட்டை இருந்தன. அடுத்த பட்டியலைப் பற்றிக் கவலையில்லை.

குஞ்சு சுற்றுமுற்றும் பார்த்தது. பொந்தின் சுவரில் ஓரிடம் அதற்குச் சரியாகப் படவில்லை. இன்னும் காயாத அலகால் மெல்லத் தட்டப்போனது.

"எண் வரட்டும் கண்ணு," என்றார்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில்.

நீதி: தாங்கிப் பிடித்திருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நல்லவர்களே, விழவிட்டுத் தூக்குங்கள். விழுகிறவர்களில் ராஜாவும் இருந்தால் பொந்து நிரந்தரம்.