காத்துக்காரர் கழற்றிய பேட்டரி

கடிகாரத்தை நிறுத்திவிட்டால் நேரமும் நின்றுவிடும் என்று நம்பிய படித்த மனிதர் இந்த நீலகிரி முழுவதும் ஒருவர்தான். அவர் வீட்டில்தான் நான் ஒன்பது வருடம் சமைத்தேன்.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர். உலகத்துக் காற்று கெடக்கூடாது என்று கவர்மெண்ட் சார்பில் நாடு நாடாகப் போய்ப் பேசியவர். ரிட்டயரானதும் குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே வீடு வாங்கி வந்தார். அந்தப் பெரிய கூட்டங்களில் முடியும் நேரம் வந்தும் ஒப்பந்தம் ஆகாவிட்டால், சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்களாம். கடிகாரம் நின்றால் கூட்டம் முடியவில்லை என்று அர்த்தமாம்.

"அப்படித்தான் சரோஜாம்மா, நூறு நாட்டுக்காரங்களை ரெண்டு நாள் எழுந்திரிக்க விடலை" என்பார்.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மதியத்துக்கு ரசமா, மோர்க்குழம்பா என்று அவருக்கும் அவருக்குமே உடன்பாடு வராது. உடனே ஸ்டூல்மேல் ஏறிப் பேட்டரியைக் கழற்றிவிடுவார்.

"ஏனுங்க ஐயா, மணி மூணாச்சுங்க. பசிக்குதுங்க."

"கடிகாரத்தைப் பாருங்க. பன்னெண்டுதான்."

காட்டுமாடு கேரட் பாத்தியில் இறங்கியபோதும் விரட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாதி உனக்கு, பாதி எனக்கு என்று எடுத்துச் சொன்னார். அது தன் பாதியைத் தின்று முடித்து, அவர் பாதியையும் தின்றது. வேலிக்கு அந்தப்பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியம்மா சிரித்தாள்.

"உலகமே இவரு பேச்சக் கேட்டுச்சாமா! மாடு கேக்கலியாக்கும்!"

"ஒப்புக்கலைதான்மா. ஆனா பாதியில எழுந்து போகலை பாருங்க, அதுவே பெரிய விஷயம்" என்றார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் லைனுக்கும் நடுவே ஊற்று சுரக்கும் ஒரு சதுப்பு. எந்தக் கோடையிலும் எங்கள் குடங்களுக்கு அந்த ஊற்றுத் தண்ணீர்தான். அதை மண் கொட்டி மூடிக் காட்டேஜ் கட்ட வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று அதிகாரிகள் ஒருநாள் கூட்டம் போட்டார்கள். ஐந்து மணி வரைதான். லைன்காரர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐயாவோடு நான் ஒருத்திதான் போனேன். ஐயா ஒரு மணி நேரம் பேசினார்.

"எல்லாஞ் சரிங்க" என்றார் அதிகாரி. "உங்க ஊட்டுல போர்வெல் இருக்குது. அந்த ஊத்துத் தண்ணி குடிக்கறவங்க யாராச்சும் சொல்லட்டும்."

எழுந்து நின்றேன். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றேன். வாய் திறக்கவில்லை. ஐந்து அடிக்க ஐந்து நிமிடம். ஐயா விடுவிடுவென்று போய், அதிகாரி தலைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தை எட்டிப் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவசரமில்லை சரோஜாம்மா. நேரம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஃபைலை மூடினார்.

அந்த மாதமே மண் லாரிகள் வந்தன. இப்போது எங்களுக்கு வாரம் ஒரு தடவை டேங்கர் தண்ணீர்.

ஐயா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் கண் கலங்கினால் மட்டும் அந்தப் பேட்டரியை எடுத்துக் காட்டுவார். "கூட்டம் இன்னும் முடியலைம்மா."

போன மழைக்காலத்தில் ஐயா போய்விட்டார். பேட்டரி என் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் கிடக்கிறது.

ஐயா, அன்றைக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் என் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள், அதை மூடாதீர்கள்.

சொல்லிவிட்டேன். இன்னும் மணி ஐந்து ஆகவில்லைதானே, ஐயா?