கோசோங் மாட்டு வண்டி

“இன்ஜின் நம்பர்?”

“இன்ஜின் இல்லீங்க.”

மோட்டார் வண்டிப் பதிவு அலுவலக எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “யாராச்சும் கழட்டிட்டுப் போயிட்டாங்களா?”

“முதல்லேருந்தே இல்லீங்க. பாட்டரியில ஓடுது.”

கருணாகரன் அதற்கு மேல் விளக்கவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். ஒரு வாக்கியத்தில் முடிவதை இரண்டாக நீட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஜன்னலைக் காட்டினார். வெளியே, பால்காரர் நடராஜனின் மாட்டு வண்டிமேல் கயிற்றால் கட்டிய ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. ஓர் இருக்கை, அதன் அடியில் இரண்டு பாட்டரி, திருப்புவதற்கு நீளமான ஒரு கைப்பிடி. மெர்டேக்கா எனப்படும் சுதந்திரம் வந்ததும் கப்பலேறிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர், தன் தாயார் தோட்டத்தில் உலவிய வண்டியை நூலகத்தில் விட்டுப் போயிருந்தார். கொஞ்சம் வேகமாக நடப்பவர் அதை முந்திவிடலாம்.

“மோட்டார் வண்டின்னா இன்ஜின் நம்பர் இருக்கணும். இது மாட்டு வண்டி மேலதானே வந்திருக்கு? மாட்டு வண்டி ஆபீஸுக்குப் போங்க. அடுத்த தெரு.”

வண்டியைப் பதிந்தே ஆகவேண்டும். ஜூன் மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் மனைவி விஜயா வாசல்படி தாண்டவில்லை. பஸ் படி உயரம். சைக்கிள் ரிக்‌ஷா பிடிக்கலாம் என்றால், “ஒரு மனுஷன் மூச்சு வாங்க மிதிப்பான், நான் ராணியாட்டம் உக்காந்து போறதா?” என்றுவிட்டாள். தீபாவளிக்குப் புக்கிட் பாருவில் இருக்கும் தங்கை மல்லிகா வீட்டுக்குப் போகவேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

அன்று சாயங்காலம், காஜா பேராங்கில் இருந்த தங்கள் வீட்டில், பலகைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த விஜயா, “என்ன சொன்னாங்க?” என்றாள்.

அவர் சொன்னார். எழுத்தரின் முகம், வெள்ளைக்காரர் கிரீடத்தைப் பேனாவால் அடித்துவிட்டு இன்னும் புழங்கும் பழைய படிவங்கள், நடராஜனின் மாடு அலுவலகப் பூச்செடியைத் தின்றது என எல்லாவற்றையும் சொன்னார். முடித்தபோது சாதம் ஆறியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டின் சாயங்காலங்களில் பக்கம் புரளும் ஓசைதான் கேட்கும். சில நாள்களில் ‘சாதம் போதும்’ என்பதே அவருடைய மொத்தப் பேச்சு.

“அப்புறம்?” என்றாள் விஜயா.

மாட்டு வண்டி அலுவலகத்தில் ஷரீஃபுதீன் என்பவர் இருந்தார். உதவ நினைக்கும் மனிதர். அதுதான் சிக்கல்.

“மாடு எத்தனை?”

“இல்லீங்க.”

“இல்லேன்னு வெறுமனே விடக்கூடாது. எல்லாக் கட்டத்துலயும் ஏதாச்சும் எழுதணும்.”

கருணாகரன் யோசித்தார். “கோசோங்.”

மலாய் மொழியில் காலி, ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஊரில் தமிழர்கள் தேநீரில் சீனி இல்லை என்பதிலிருந்து பையில் காசு இல்லை என்பது வரை அந்த ஒரு சொல்லிலேயே முடித்துக்கொள்வார்கள். ஷரீஃபுதீனுக்கும் அது பிடித்துப்போயிற்று. மாடு: கோசோங். நிறம்: கோசோங். கொம்பு: கோசோங். முத்திரை விழுந்தது. மாட்டு வண்டித் தகடு ஒன்றும் கிடைத்தது.

மறுநாள் கருணாகரன் தெருவில் ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகான அமைதியில் எங்கும் போனதில்லை. அந்த அமைதியோடு போய், வீதியோரம் முதுகு காட்டி நின்ற போலீஸ் கார்ப்பரல் ராஜரத்தினத்தின் முழங்காலுக்குப் பின்னால் முட்டினார்.

ராஜரத்தினம் எழுந்து, தொப்பியைத் தட்டிவிட்டு லைசென்ஸைப் படித்தார். “மாட்டு வண்டி. சரி. மாடு எங்க?”

“கோசோங்.”

“மாட்டுப் பேரக் கேக்கல சார், மாட்டக் கேக்கறேன்.”

“மாடு இல்ல. அதான் கோசோங்.”

கார்ப்பரல் குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தார்.

“மொதல்ல இதுக்குச் சத்தம் வேணும். பூனையாட்டம் பின்னால வந்து நிக்கறீங்க. மாட்டு வண்டின்னா சலங்கை எங்க?”

நடராஜனிடம் அவர் கறவை மாட்டின் பழைய கழுத்துச் சலங்கையைக் கேட்டு வாங்கிக் கைப்பிடியில் கட்டினார். சத்தம் வந்தது. சத்தத்தோடு மாடும் வந்தது. தன் சலங்கை எங்கோ போகிறதே என்று, கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தது. அதன் பின்னால் பால் குவளையோடு நடராஜன்.

“நூலகத்தாரே! மாட்ட ஓட்டிக்கிட்டுப் போனா, நான் என்ன கொழாயிலயா பால் கறக்கறது?”

ராஜரத்தினம் கை காட்டி நிறுத்தினார். லைசென்ஸையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நேத்து மாடு இல்ல. இன்னிக்கு இருக்கு. ஆனா மாடு வண்டிக்கு முன்னாலதானே வரணும்? போய் மாத்தி எழுதிட்டு வாங்க.”

அன்று சாயங்காலம் விஜயா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “மறுபடி சொல்லுங்க. மாடு எந்தப் பக்கம் பார்த்துச்சு?”

அவர் மறுபடி சொன்னார். மாட்டைப் போல நடந்தும் காட்டினார். சாம்பாரில் மல்லிகா வீட்டு முருங்கைக்காய் கிடந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

“தீபாவளிக்கு ரெண்டே வாரந்தான் இருக்கு, விஜயா. அதுக்குள்ள முடியணுமேன்னுதான் பார்க்கறேன்.”

“அவசரமில்லைங்க. பொறுமையா முறைப்படியே செய்ங்க.”

படுத்த பிறகும் அவள் பொறுமையையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஷரீஃபுதீன் இம்முறை ஆழமாக யோசித்து வைத்திருந்தார். “மாடும் இல்ல, இன்ஜினும் இல்லன்னா அது தள்ளுவண்டிதான் சார். லேசான வேலை. என்ன சரக்கு ஏத்துவீங்க?”

“சம்சாரம்.”

ஷரீஃபுதீன் எழுதிக்கொண்டார். “எடை?”

கருணாகரன் நாற்காலியை விட்டு எழுந்தார். “அதக் கேட்டுட்டு வரேன்.”

வீட்டில் அதைச் சொன்னதும் விஜயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எடையா? அதுக்கும் கோசோங்னு போட்டுட்டு வாங்க!”

அப்படியே போட்டார். லைசென்ஸ் வந்துவிட்டது. அதன் கடைசி வரியில், வண்டிக்காரர் வண்டியில் ஏறாமல் பின்னால் நடந்து தள்ளிச் செல்லவேண்டும் என்று அச்சடித்திருந்தது.

தீபாவளிக் காலையில் புதுச் சேலை கட்டிய விஜயாவைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார். கைப்பிடியை அவள் பிடித்தாள். பாட்டரி இழுத்தது. கருணாகரன் சட்டப்படி இரண்டு கையையும் வண்டியின் முதுகில் வைத்துக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். சலங்கை ஒலித்தது. அவருக்குப் பின்னால், மஞ்சள் குங்குமத்தோடு நடராஜனின் மாடு.

ராஜரத்தினம் லைசென்ஸை இரண்டு தடவை படித்துவிட்டு வணக்கம் வைத்தார். “இப்பதான் எல்லாம் சரியா இருக்கு சார். தள்ளுங்க.”

“என்னங்க, இப்படி மூச்சு வாங்குதே!” என்றாள் விஜயா திரும்பிப் பார்த்து.

“நீ ரோட்டப் பாரு. ராணியாட்டம் உக்காரு.”

“நிறுத்திக்கலாமா? ஒண்ணு சொல்லணும்.”

“அங்க போய்ச் சொல்லு. நின்னா மாடு முட்டும்.”

புக்கிட் பாரு மேட்டில் பாட்டரி தீர்ந்தது. மீதி வழியை அவர் உண்மையாகவே தள்ளினார். மல்லிகா வீட்டு வாசலுக்கு வந்தபோது புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிமிர்ந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். முன்னால் வந்து கை நீட்டினார்.

“மெதுவா. கால் பத்திரம்.”

விஜயா இறங்கவில்லை. தலை குனிந்திருந்தது.

மல்லிகாவின் மாமியார் சாரதாம்பாள் முறுக்குத் தட்டோடு வெளியே வந்து, வண்டியைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், பிறகு விஜயாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

“ஒரு மாசமா பத்து மணி பஸ்ஸ விட்டு எறங்கி ஓட்டமா ஓடியாருவியே விஜயா, இன்னிக்கு என்னாடி இவ்ளோ லேட்டு?”