அஞ்சுகத்தின் மனத்தடை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு, நெருப்பு விஷயத்தில் நடந்த அடுத்த மகத்தான காரியம், காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் 1983-இல் சமூகவியல் விரிவுரையாளர் குஞ்சிதபாதம் நிகழ்த்திய ஆராய்ச்சிதான்.

'மரபுசாரா எரிசக்தியும் கிராமப் பெண்ணின் மனத்தடையும்' என்பது தலைப்பு. கிராமப் பெண்ணாக அஞ்சுகம் தேர்வானாள். கொட்டகை நிறைய மாடு, அரசு மானியத்தில் கட்டிய சாண எரிவாயுக் கலன், பளபளக்கும் அடுப்பு எல்லாம் இருந்தும் அவள் விறகில்தான் சமைத்தாள்.

"ஏம்மா, சாணி வாயுன்னா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கா?"

"மனசுக்கு என்னங்க சார்? அடுப்புக்கு வர்ற குழாய எலி கடிச்சுப்புட்டு. அத மாத்துனா எரியும். புகையில கண்ணு அவிஞ்சு போவுது."

குஞ்சிதபாதம் பரவசமானார். உள்ளத்துத் தடையை எலியின் தலையில் கட்டும் இந்த நுட்பத்துக்கு 'மூஷிக மடைமாற்றம்' என்று பெயரிட்டார். கருத்தரங்குகள் வாய் பிளந்தன. டெல்லி நிபுணர்கள் வந்து மனத்தடையை நேரில் பார்த்துவிட்டால் பேராசிரியர் பதவி நிச்சயம் என்றானது.

அவர்கள் வரும் நாள் காலையில் போய்ப் பார்த்தால், அடுப்பில் நீலச் சுவாலை! அஞ்சுகத்தின் கணவன் கருப்பையன், திருமலைராயன்பட்டினத்து பீர் மைதீன் கடையில் புதுக் குழாய் வாங்கி மாட்டியிருந்தான்.

"உக்காருங்க சார், டீ போடுறேன். பாருங்க, பொட்டுப் புகை இல்ல!"

குஞ்சிதபாதத்தின் இத்தனை மாத உழைப்பும் அந்த டீயோடு கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இந்தக் குழாய இன்னிக்கு ஒரு நாளைக்குக் குடுங்க. நாட்டுக்காக."

வீடு தேடி வந்து கேட்பவரிடம் இல்லையென்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. குழாய் அவர் பைக்குள் போனது.

நிபுணர்கள் நுழைந்தபோது அடுக்களை முழுக்கப் புகை. எரிவாயு அடுப்பு ஏன் எரியவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். குஞ்சிதபாதமே மொழிபெயர்ப்பாளர்.

"குழாய இந்த சாருதாங்க பையில வச்சிருக்காங்க. வாங்கிக் குடுங்க, புண்ணியமாப் போவும்" என்றாள் அஞ்சுகம்.

"முன்னோர் மூட்டிய நெருப்பை அணைக்கமாட்டேன் என்கிறார்" என்றார் குஞ்சிதபாதம்.

நிபுணர்கள் கண்ணீர் விட்டார்கள். பாதிக் கண்ணீர் புகையால்.

பதவி வந்தது. குழாய் திரும்பி வரவில்லை. அஞ்சுகம் ஊதாங்குழலும் இருமலுமாகவே காலம் தள்ளினாள், பாவம்.

ஆனாலும் ஆராய்ச்சி முடிவில் குற்றம் சொல்ல முடியாது. தருமபுரத்து அடுப்பு எரியாததற்குச் சமூகக் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.