நூறு வாட் கருத்துச் சுதந்திரம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது வெறும் ஒத்திகை. உண்மையான கண்டுபிடிப்பு கிடார் ஆம்ப்ளிஃபையர்தான் என்பது திஹோமிரின் கொள்கை. இரண்டு விவாகரத்துகளுக்குப் பிறகும் அவனிடம் குலையாமல் மிஞ்சியது அது ஒன்றே.

செர்பியாவின் அந்தச் சிற்றூரில் இத்துறைக்கு அவனை விட்டால் அறிஞர் இல்லை. பண்பாட்டு மன்றத்தில் நூற்றிருபது நாற்காலிகள். அதற்குப் பழைய ரேடியோவைப் போல வால்வு வைத்த பதினைந்து வாட் ஆம்ப் போதும் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வான். வால்வு ஆம்பின் ஒலித் திருகைப் பத்துக்கு ஏழில் வைத்தால்தான் அது விழிக்கும்; அதற்குக் கீழே தூங்கும். சின்னதை ஏழில் வைத்தால் கிடாரும் கேட்கும், பாடுபவர் குரலும் கேட்கும். பெரியதை ஏழில் வைத்தால் பக்கத்து ஊர்ப் பசு குறைமாதத்தில் கன்று போடும்.

கிடார் வாசிப்பவன் அவன்; பாடுபவள் அவன் தங்கை தெசாங்கா. நகராட்சியில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. தோல் தொழிற்சாலைக் கழிவு குடிநீரில் கலப்பதைப் பற்றி மூன்று அறிக்கைகள் எழுதினாள். அவை ‘நன்றியுடன் பெற்றுக்கொள்ளப்பட்டு’ இழுப்பறையில் ஓய்வெடுத்தன. எனவே அறிக்கையை நான்கு சரணங்களாக்கினாள். மூன்றாம் சரணத்தில் தொழிற்சாலை முதலாளியின் பெயர் வரும். அவர் நகராட்சித் தலைவரின் மைத்துனர். ஊர்ப் புனிதரின் திருநாள் மதியம், மொத்த ஊரும் கூடியிருக்கும்போது பாடுவதாக ஏற்பாடு.

மன்றத்தின் இயக்குநர் ப்ர்வோஸ்லாவ் திஹோமிரைக் கூப்பிட்டனுப்பினார். தடை உத்தரவு வரும் என்று போனவனுக்குக் காப்பி வந்தது. ‘மேடை ஒலி மேம்பாட்டுக் குழு’ ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டதாம். அறையின் மூலையில் நின்றது அந்தத் தீர்மானம்: நூறு வாட், நான்கு ஸ்பீக்கர், இடுப்புயரம்.

"நம்ம ஹாலுக்கு இது ஜாஸ்தி சார். மைதானத்துல வைக்கிற சாமான்."

"உன் திறமைக்கு ஹால்தான் சின்னதா போச்சு, திஹோமிர்."

தங்கையின் பாட்டைப் பற்றி ஆட்சேபம் உண்டா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தான். இயக்குநர் புண்பட்டார்.

"இது ஜனநாயக நாடுப்பா. அவங்க என்ன வேணா பாடட்டும். நீ ஏழுல வச்சு வாசி."

ஏழு என்ற எண் இயக்குநருக்கு எப்படித் தெரியும் என்று திஹோமிர் யோசிக்கவில்லை. தன் துறை இவ்வளவு தூரம் பரவிவிட்டதே என்று நெகிழ்ந்தான்.

மைக்குக்கு இருந்தவை பழைய ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றைக் குழு அடுத்த ஆண்டு ‘பரிசீலிக்கும்’.

ஒத்திகையில் தெசாங்கா நான்கு முறை நிறுத்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் கொறையேன். என் குரல் எனக்கே கேக்கல."

"கொறைச்சா டோன் செத்துரும்மா."

"ஊரே செத்துட்டிருக்கு. உன் டோன் செத்தா என்ன?"

சத்தம் அதிகமாக இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றான். பொய்யில்லை. இடுப்புயரப் பெட்டியை ஒட்டி நின்ற அவனுக்குச் சத்தம் காதுக்கு ஏறாமல் முழங்காலில் மோதியது. முன்வரிசைக்கு நெற்றியில் இறங்கியது. கிடார்க்காரர்களுக்குக் காது எங்கே இருக்கிறது என்பதில் இயக்குநருக்குக் குழப்பமே இல்லை.

திருநாளன்று நகராட்சித் தலைவர் குடும்பத்தோடு முன்வரிசையில் அமர்ந்தார். தெசாங்கா கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். அவள் வாய் திறந்து மூடுவதை ஊர் மரியாதையுடன் பார்த்தது. மூன்றாம் சரணம் வந்தது. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய்விட்டுக் கேட்கவே வேண்டியதில்லை, திருகை மூன்றுக்கு இறக்கினால் போதும்.

அவன் கை திருகு வரை போனது. அங்கே போனதும் ஒன்று நினைவுக்கு வந்தது: எட்டில் எப்படி இருக்கும் என்று இதுவரை கேட்டதே இல்லை.

அற்புதமாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் நகராட்சித் தலைவர் மேடையேறினார். காதிலிருந்து பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் அணைக்காத மைக்குக்குப் பக்கத்தில் நின்று, செர்பிய வழக்கப்படி திஹோமிரின் கன்னங்களில் மூன்று முத்தம் வைத்தார்.

"உன் தங்கச்சி வாய அடைக்க ஆபீஸ்ல பன்னெண்டு பேரு மூணு மாசமா முக்கினாங்க. நீ ஒருத்தனே, அதுவும் ஆசையா செஞ்சுட்டியேப்பா."

அன்று அந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்ட சொற்கள் அவை மட்டும்தான்.